பாதாளத் தட்டு

யுவராஜ் எந்த ஊரிலும் காலை ஊன்றி நின்றவர் இல்லை. போய் இறங்கியதுமே திரும்புகிற பேச்சை எடுத்துவிடுவார். கல்யாணம் என்றால் முதல் பந்தி, சினிமா என்றால் இடைவேளையோடு சரி, கோயில் என்றால் கூட்டத்துக்குப் பின்னாலிருந்தே ஒரு கும்பிடு. "சரி, கெளம்பலாமா?" என்று அவர் கேட்டால் அது கேள்வி அல்ல என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் யுவராஜ், வயது அறுபது ஆகப்போகிறது. உடுமலையில் கோழித் தீவன வியாபாரம். நல்ல மனிதர்தான், ஆனால் ஓர் இடத்தில் பிடித்து உட்கார வைக்க முடியாத மனிதர்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே மகள் தன்விகாவின் கல்யாணத்துக்காக மூன்று நாள் சென்னையில் தங்க ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். மாப்பிள்ளை அஸ்வத் சென்னைப் பையன். தன்விகாவும் அவனும் ஒரே ஆபீஸ். ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். புதன்கிழமை காலை யுவராஜும் மனைவி ஹேமலதாவும் காரில் சென்னை எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஓட்டி வந்தது ஹேமலதா. ஓட்டுகிறவரின் நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி கிளம்ப வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து யுவராஜால் கார் எடுக்க முடிவதில்லை. அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தால் போதும், "சற்று அமைதியாகிவிட்டு முயலுங்கள்" என்று வண்டி தேன் குரலில் சொல்லும். அதைக் கேட்டதும் அவரிடம் இருக்கிற கொஞ்சநஞ்ச அமைதியும் போய்விடும்.

நிறுத்த இடம் காட்டாத வெளியூர் வண்டியை இப்போதெல்லாம் சென்னைக்குள் விடுவதில்லை. யுவராஜ் சுங்கச்சாவடி ஓரத்தில் நின்றுகொண்டு ஊர் முழுக்கப் போன் போட்டார். "மூணு நாளைக்கா? மூணு மணி நேரத்துக்கே இல்ல சார்" என்று லாட்ஜ்காரர் சிரித்தார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வண்டிக்கு மட்டும்தான் இடமாம். சம்பந்தி வீட்டுத் தெருவில் ஸ்கூட்டரைக்கூடச் சங்கிலி போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், "வண்டிய ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே" என்று புத்திமதி சொன்னார்கள். யுவராஜுக்குத் தலைக்கு ஏறியது.

"இதுக்குத்தான் பஸ்ஸுல போலாம்னு அப்பவே சொன்னேன். வண்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னயே, இப்பப் பாரு" என்று மனைவியின் மேல் பாய்ந்தார்.

"பதறாதீங்க. நான் ஏற்கெனவே ஒரு எடம் பாத்து வெச்சிருக்கறேன்" என்றாள் ஹேமலதா.

அவள் பார்த்து வைத்திருந்த இடம் வடபழனியில் இருந்த அடுக்கு. வானத்துக்கும் பூமிக்கும் நிற்கிற கண்ணாடிக் கட்டடம். உள்ளே கார்கள் இட்லித் தட்டில் இட்லி போல அடுக்கி இருந்தன. வண்டியை ஒரு தட்டில் நிறுத்திவிட்டு, சாமான்களை இறக்கி, ஓட்டி வந்தவர் கட்டைவிரலை வைத்தால் போதும். எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லை. ஹேமலதா விரலை வைத்தாள். முன்னால் போன மூன்று வண்டிகளும் மேலே ஏறின. இவர்களுடையது மட்டும் தரைக்குக் கீழே இறங்கி, இருட்டில் மறைந்தது.

"நம்முளுது மட்டும் ஏன் கீழ போகுது?" என்றார் யுவராஜ்.

"எங்கியோ ஒரு எடத்துல நின்னாச் சரி" என்றாள் அவள், பெட்டிகளை எண்ணிக்கொண்டே.

அவள் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் ஒருவன் யுவராஜிடம் வந்தான். கையில் போன், காதில் பேனா, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவனின் பாவனை.

"சார், பாதாளத்துல எறங்குச்சே, அது உங்க வண்டியா? என் பேரு டில்லிபாபு சார், வீட்டு புரோக்கர். வீடு ஆஸ்பத்திரி கிட்ட வேணுமா, கோர்ட்டு கிட்ட வேணுமா?"

"எனக்கெதுக்கு வீடு? நாங்க கல்யாணத்துக்கு வந்திருக்கறோம். மூணு நாள்ல போயிருவோம்."

"எல்லாரும் அப்டிதான் சார் சொல்வாங்க." டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான். "மேல் தட்டுன்னா இன்னிக்கு நாளைக்கு எடுக்கற வண்டி. நடுத்தட்டுன்னா ஒரு வாரம், பத்து நாள். பாதாளத்துல எறக்கிச்சுன்னா, அத்த எடுக்க மாசக்கணக்குல ஆள் வராதுன்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சுன்னு அர்த்தம். ஆக்ஸிடென்ட்டு, ஆபரேஷன், கேஸு, ஏதாச்சும் ஒண்ணு. நான் இந்த வாசல்ல ரொம்ப வருஷமா நிக்கறேன். அது தப்பா போட்டு நான் பாத்ததே இல்ல சார்."

"போய்யா வேலயப் பாத்துக்கிட்டு" என்று யுவராஜ் விரட்டினார். டில்லிபாபு கோபித்துக்கொள்ளவில்லை. "உடம்பப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட யுவராஜ் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

ஆட்டோவில் ஏறியதிலிருந்து யுவராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் ஒரு காரியம் தொடங்குமுன் சாமி முன்னால் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் செய்வார்கள், சிவப்பு வந்தால் தள்ளிப் போடுவார்கள். அவர் கண்ணுக்கு அந்த அடுக்கும் ஒரு சாமியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கேட்காமலேயே வாக்குச் சொல்கிற சாமி. சிவப்புப் பூவைக் கொடுத்திருக்கிறது. யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

ஹேமலதாவிடம் வாயைத் திறக்கவில்லை. பாவம், பயந்துவிடுவாள். அவளை லாட்ஜில் விட்டுவிட்டு, ஒரு வேலை இருக்கிறது என்று வெளியே வந்தார். முதலில் தெருமுனை கிளினிக்கில் தன்னையே படுக்க வைத்துப் பார்க்கச் சொன்னார். டாக்டர் இதயத்தைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு. கொஞ்சம் நிதானமா இருங்க, அது போதும்" என்றார். தனக்கு ஒன்றுமில்லை என்றதும் யுவராஜுக்குப் பயம் கூடிவிட்டது. தனக்கில்லை என்றால் வேறு யாருக்கு? ஊர் ஜோசியரைப் போனில் பிடித்தார். ஜாதகத்தில் ஒரு தோஷமும் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார். தன்விகாவைக் கூப்பிட்டு, "ஏ அம்மிணி, காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது இருக்குதா?" என்று விசாரித்தார். அவள் மருதாணிக் கையோடு சிரித்தாள். அப்படியானால் மிச்சம் இருப்பது மாப்பிள்ளைதான். மாப்பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்!

வியாழக்கிழமை காலை சம்பந்தி குணசேகர் மண்டபத்தில் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரப்படி செய்கிறவர். யுவராஜ் அவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"சம்மந்தி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். தம்பிக்கு ஒடம்புல ஏதாவது இருக்குதுங்களா? இல்லாட்டி கோர்ட்டு, கேஸுன்னு ஏதாச்சும்?"

குணசேகரின் முகம் சுருங்கியது. "நாளைக்குத் தாலி கட்டப் போறான். இன்னிக்கு வந்து இதக் கேக்கறீங்களே!"

"இருந்தாச் சொல்லிருங்க. ஒரு ரெண்டு மாசம் தள்ளி வெச்சுக்கலாம். ஒண்ணும் குடி முழுகிப் போகாது."

"என்ன சம்பந்தி பேசறீங்க? பத்திரிகை அடிச்சு ஊரக் கூப்பிட்டாச்சு!"

யுவராஜ் அடுக்கின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. குணசேகர் முழுவதையும் கேட்டார். அவர் கோபம் சத்தமாக வரவில்லை. "சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு. அதுக்கு முன்னாடி ஒரு முடிவு சொல்லுங்க. என் பையன மேடையில உக்கார வெச்சு அசிங்கப்படுத்த நான் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தூணுக்குப் பின்னால் தன்விகா நின்றிருந்தாள்.

"அப்பா, ஒரு பார்க்கிங் மெஷின் சொன்னதுக்கா என் கல்யாணத்த நிறுத்தப் பாக்கறீங்க?"

"நிறுத்தலீடா சாமி. தள்ளித்தான்..."

"நீங்க தள்ளி வெச்சா அது நடக்காதுன்னு எனக்குத் தெரியும். பாதியில கெளம்பறது உங்களுக்குப் பழக்கம். இது என்னோட வாழ்க்கைப்பா." கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "நான் அம்மாகிட்டயே பேசிக்கறேன்."

"அம்மாகிட்ட வேண்டாம். பயந்துக்குவா. சாயங்காலத்துக்குள்ள நானே சரி பண்ணிடறேன், என்னைய நம்பு."

சரி செய்ய அவருக்குத் தோன்றியது ஒரே வழிதான். வண்டியை மேல் தட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். வண்டி மேலே வந்துவிட்டால் வரவிருக்கிற கெடுதலும் விலகிவிடும். சிவப்புப் பூ வந்தால் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது ஊர் வழக்கம்தானே. வெயிலில் ஆட்டோ பிடித்து வடபழனிக்கு ஓடினார்.

அடுக்கின் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் ரெஜினா என்ற பெண். நாற்பது வயது இருக்கும். அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உட்காரச் சொன்னாள். யுவராஜ் நின்றுகொண்டே பேசினார்.

"மேல மாத்தறது முடியாது சார். முன்னாடி எத்தன நாள்னு கேட்டுதான் போட்டுட்டு இருந்தோம். ரெண்டு நாள்னு சொல்லி வண்டிய விட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வருவாங்க. ரெண்டு மாசம்னு சொன்னவங்க மறுநாளே வந்து சண்ட போடுவாங்க. அடியில கெடக்கற ஒரு வண்டிய எடுக்க, மேல இருக்கற அத்தனையையும் நகத்தணும். ஒரு நாள் மொத்த அடுக்கும் சிக்கிக்கிச்சு. அதுலருந்து யாரையும் கேக்கறதில்ல. மெஷினே பாத்துக்கும்."

"எதைப் பாத்துக்கும்? கிளி ஜோசியமா அது?"

"போன்ல என்ன தேடறாங்க, என்ன புக் பண்றாங்க, விலாசம் எங்க மாத்தறாங்க, இதெல்லாம் பாக்கும். வெரல் வெச்சா அதுக்கெல்லாம் சம்மதம்னு அர்த்தம். யாரும் படிச்சுப் பாக்கறதில்ல." ரெஜினா தோளைக் குலுக்கினாள். "ஆனா காரணம் அதுக்குத் தெரியாது சார். வியாதியா, சாவான்னெல்லாம் பாக்காது. இந்த ஆளு வண்டிய எடுக்க எப்ப வருவாங்க, அந்த ஒண்ணுதான் அதுக்குக் கணக்கு."

"நான் சனிக்கிழமை எடுக்கப் போறேன். போதுமா? எழுதிக்குங்க!"

ரெஜினா திரையைத் திருப்பிப் பார்த்தாள். "உங்க பேரே இதுல இல்லயே சார். நீங்க அந்த வண்டியில வந்தீங்கன்னே இதுக்குத் தெரியாது. வெரல் வெச்சவங்க ஹேமலதா. இது மொத்தமும் அவங்களப் பத்திதான்." கொஞ்சம் தயங்கினாள். இதற்கு மேல் சொல்வது வேலைக்கு நல்லதல்ல என்பது முகத்தில் தெரிந்தது. "நேத்துலருந்து ஊரெல்லாம் கேட்டேன்னு சொன்னீங்க. அவங்களக் கேட்டீங்களா?"

யுவராஜ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். டாக்டரைக் கேட்டாயிற்று, ஜோசியரைக் கேட்டாயிற்று, மகளை, சம்பந்தியை, மெஷினைக்கூடக் கேட்டாயிற்று. அவளை மட்டும் கேட்கவில்லை. ஹேமாவுக்கு ஏதோ வியாதி. கல்யாணம் முடியட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறாள். சென்னை ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வண்டியைக் கொண்டு வந்திருக்கிறாள். ஐயோ, ஒருநாள்கூட அவளுக்கு என்ன என்று கேட்டதில்லையே! ஆட்டோவில் வழி நெடுக உடுமலை வீட்டையும் கிடங்கையும் மனதுக்குள் விற்றுக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் மணமகள் அறையில் ஹேமலதா தனியாக உட்கார்ந்து தட்டுகளில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அவர் தானாக உட்கார்ந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஹேமா, என்ன வியாதின்னாலும் சொல்லிரு. இருக்கறத வித்துப்போட்டாவது பாத்துரலாம்."

"ஆருக்கு வியாதி?"

"உனக்குத்தான். வண்டியப் பாதாளத்துல போட்டிருக்காங்களே! மாசக்கணக்குல நீ வந்து எடுக்கமாட்டீன்னு அந்த மெசினு சொல்லுதாம்."

ஹேமலதாவின் கை வெற்றிலையோடு நின்றது. பிறகு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்கறேன். நான் ஊருக்கு வரலீங்க, அவ்வளவுதான்."

"சரி, தன்விகாவோட கொஞ்ச நாள் இருந்துட்டு வா. எப்ப வருவே?"

"வரலீங்க."

அவருக்குப் புரியப் பல நிமிடம் ஆனது. அவள் அவசரப்படாமல் சொன்னாள். தாம்பரத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் வார்டன் வேலை. தங்க ஒரு ரூம் தருகிறார்கள். சாமான்களை ஏற்றி வரத்தான் வண்டியைக் கேட்டாள்; விடுதியில் நிறுத்த இடம் இல்லாததால் அது அடுக்கிலேயே கிடக்கும். தன்விகாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லி யாரையும் கலைக்க வேண்டாம் என்று இருந்தாள்.

"நான் உன்னைய அடிச்சனா? குடிச்சுப்போட்டு வந்தனா? எந்தக் கொறை வெச்சேன்?"

"ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க நல்லவங்க. அதனாலதான் இத்தன வருசமாச்சு." அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "நீங்க கெளம்பலாம்னு சொன்ன போதெல்லாம் கெளம்பியிருக்கறேன். எங்கம்மா செத்தன்னிக்கு, தூக்கறதுக்கு முந்தியே கெளம்பச் சொன்னீங்க. கெளம்புனேன். பந்தியில பாதி எலையோட எந்திரிச்சிருக்கறேன். ஒருத்தர் வீட்டுல ஒக்காந்து ரெண்டு வார்த்தை பேசி முடிச்சதில்ல. எனக்கு ஒரு எடத்துல இருக்கோணுங்க. போலாமான்னு ஆரும் கேக்காத எடத்துல."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகைதான். அதை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"இத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? ஒரு மெசினுகிட்டச் சொல்லத் தெரிஞ்சுது, கட்டுனவங்கிட்டத் தெரியலியா?"

"மெசினுகிட்ட நான் ஒண்ணும் சொல்லலீங்க. அது என்னையக் கவனிச்சிருக்குது."

வெளியே நாதஸ்வரம் சோதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"உங்களுக்கு சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கறேன். நேரா உடுமலைக்கே போயிரும். மாறி ஏறோணும்னு இல்ல. ஜன்னலோரமாத்தான் பாத்துப் போட்டேன்."

"ஒத்த டிக்கெட்டா?"

"ஆமாங்க."

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. தன்விகா நின்றாள், அவளுக்குப் பின்னால் குணசேகர். இருவரும் யுவராஜின் முகத்தையே பார்த்தார்கள். முடிவு கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். யுவராஜுக்கு அந்தப் பழைய சொல் தொண்டை வரைக்கும் வந்தது. 'கெளம்பு!' ஒரு வார்த்தை போதும். மண்டபம், மாப்பிள்ளை, வாழைமரம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மனைவி, மகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இத்தனை வருஷமும் ஹேமா வந்திருக்கிறாள். இன்றைக்கும் வந்துவிடக்கூடும். அப்படி வந்துவிடுவாளோ என்று நினைத்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. சொல்லை விழுங்கிவிட்டார்.

"காலைல நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சம்மந்தி" என்று கைகூப்பினார். "பயத்துல ஒளறிட்டேன். தப்பு என்னோடதுதான். மாப்பிள்ளைய அழைச்சுட்டு வாங்க."

குணசேகர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தன்விகா ஓடி வந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலாக யுவராஜ் ஹேமலதாவைப் பார்த்தார். அவள் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை முழுவதும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் முகூர்த்தம். மேடையில் புகை, ஓமம், காது கிழிகிற மேளம். தாரை வார்க்கப் பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். தன்விகாவின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அதற்கு மேலே யுவராஜும் ஹேமலதாவும் சேர்ந்து செம்பைப் பிடித்தார்கள். அவள் விரல்களின் மேல் அவர் விரல்கள். இந்த விரல்களைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று யோசித்தார், நினைவு வரவில்லை. தாங்க முடியாத வருத்தமாக இருந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்கள் ஒரு ஜோடியாகத்தான் தெரிந்தார்கள்.

"ஊத்துங்கோ" என்றார் புரோகிதர்.

யுவராஜ் செம்பை மெல்லச் சாய்த்தார். நூல் போலத் தண்ணீர் இறங்கியது. செம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினார். நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. மேளக்காரர்கள் வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான்.

"சீக்கிரம் சார், நேரம் போறது" என்றார் புரோகிதர். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உடுமலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யுவராஜைப் பார்த்து இப்படி ஒருவர் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

ஹேமலதா பக்கவாட்டில் திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் விரலால் ஒரு நெட்டு நெட்டிச் செம்பைக் கவிழ்த்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தண்ணீர் தீரக்கூடாது என்று யுவராஜ் வேண்டிக்கொண்டார். செம்பு சின்னதுதான், தீர்ந்துவிட்டது.